மூன்று கால் நாட்டு நாய்க்கு வீடு பிடிப்பது எப்படி?

கேள்வி: சென்னையில் ஒரு காப்பகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். வண்டியில் அடிபட்டு இடது முன்னங்கால் எடுக்கப்பட்ட மூன்று வயதுப் பெண் நாட்டு நாய் ஒன்று எட்டு மாதமாக எங்களிடம் இருக்கிறது. படம் போட்டால் எல்லோரும் பாவப்படுகிறார்கள், யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஒரே ஒருவர் அழைத்துப் போனார், அவரும் நான்காம் நாள் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். இனி என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் அந்த நான்கு நாளை விசாரியுங்கள். திருப்பிக் கொடுத்தவரைக் குறை சொல்லாமல் போன் செய்து கேளுங்கள்: எங்கே படுத்தது, எத்தனை வேளை சாப்பிட்டது, எங்கே சிறுநீர் போனது, எதைப் பார்த்து உறுமியது, இரவில் குரைத்ததா, வீட்டில் யார் முதலில் வேண்டாம் என்றார்கள். எட்டு மாதத்தில் அந்த நாய் ஒரு வீட்டுக்குள் இருந்தது அந்த நான்கு நாள்தான். நீங்கள் எவ்வளவு பழகியிருந்தாலும் அதைப் பற்றி உங்களுக்குத் தெரியாத விஷயங்கள் அவருக்குத் தெரியும்.

அடுத்தது உங்கள் விளம்பரம். அடிபட்ட கதை, ஆபரேஷன் படம், ‘யாராவது உதவுங்கள்’ என்று ஒரு வரி. பெரும்பாலும் இப்படித்தான் போடுகிறார்கள். இதைப் பார்ப்பவர்கள் பகிர்வார்கள், பணம்கூட அனுப்புவார்கள். வீட்டுக்கு ஒரு நாய் தேடுபவருக்கு மட்டும் அதில் எதுவும் இல்லை. பாவம் பார்த்தே அழைத்துப் போகிறவரும், காப்பாற்றியதற்கு அது வாலாட்டிக்கொண்டு பின்னாலேயே வரும் என்று நினைக்கிறார். வந்த நாயோ கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறது, சாப்பிட மறுக்கிறது, விடிவதற்குள் ஹாலில் சிறுநீர் போய் வைக்கிறது. இதெல்லாம் இயல்பு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பரிதாபம் நாலு நாளைக்கு மேல் தாங்காது. இந்த நாய் எப்படிப்பட்டது, எந்த வீட்டுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டு அந்த வீட்டைத் தேடிப் போவதுதான் வேலை.

விளம்பரத்துக்கு முன் மருத்துவம் முடிந்திருக்க வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி ஓராண்டுக்குள் போட்டதாக இருக்கட்டும். டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி போட்ட பதிவு இல்லையென்றால் மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இவை எல்லாக் காப்பகத்திலும் நடக்கும். விட்டுப்போவது ரத்தப் பரிசோதனை. சென்னையில் உண்ணி ஆண்டு முழுவதும் இருக்கிறது. உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் உடம்பில் தங்கியிருந்து, வீடு மாறும் பதற்றத்தில் எதிர்ப்பு சக்தி குறையும்போது தலைகாட்டும். ஈறு வெளிறுவது, மூக்கில் ரத்தம், சாப்பிடாமல் சுருண்டு படுப்பது எல்லாம் புது வீட்டில் இரண்டாம் வாரம் வந்தால், ‘நோய் நாயைத் தலையில் கட்டிவிட்டார்கள்’ என்ற பேச்சுதான் மிஞ்சும். தட்டணுக்கள் எண்ணிக்கையோடு முழு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி இருந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள். அந்தக் கணக்கு முடியும்வரை தத்துக் கொடுப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

கருத்தடை ஆகிவிட்டதா என்பதை வாய்வார்த்தையில் விடாதீர்கள். தெரு நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் முறையைச் சென்னையின் விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964-லேயே தொடங்கிவிட்டது. இப்போது அது 2023-ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி நடக்கிறது. அப்படிச் செய்த நாய்க்குக் காது நுனியில் சிறு வெட்டு இருக்கும். அது இல்லையென்றால் வயிற்றுத் தழும்பையும் மருத்துவப் பதிவையும் பாருங்கள். பெண்ணுறுப்பிலிருந்து அவ்வப்போது ரத்தம் சொட்டினால் பருவம் என்று விட்டுவிடாமல், தெரு நாய்களுக்கு இனச்சேர்க்கையில் பரவும் கட்டி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் (புற்றுக்கட்டி மருந்து) ஊசியாக நாலைந்து வாரத்தில் பெரும்பாலும் குணமாகிவிடும்.

முன்னங்கால் இல்லாத நாய்க்கு எடைதான் ஆயுள். நாயின் உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்கள் மேல்தான் விழுகிறது. இரண்டு கால் தாங்கியதை இப்போது ஒன்று தாங்குகிறது. விலாவில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். காப்பகத்தில் சோறு அதிகமாகவும் நடை குறைவாகவும் போய்க் கனத்திருந்தால் இப்போதே குறையுங்கள். நடுத்தர உடம்புள்ள 14 கிலோ நாய்க்குக் கடையில் வாங்கும் உலர் தீவனம் நாளுக்கு 200 கிராம் போதும். நகம் வளர்ந்திருந்தால் வெட்டுங்கள், இருக்கும் ஒரு முன்காலின் பிடிமானம் நகத்தால்தான் முதலில் கெடுகிறது.

இனி அதன் குணத்தைத் தெரிந்துகொள்வது. காப்பகத்துக்குள் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நாற்பது நாய் குரைக்கும் இடத்தில் ஒடுங்கிக் கிடப்பது வீட்டில் துள்ளலாம், அங்கே எல்லோரிடமும் ஓடிவருவது வீட்டில் தனியாக விட்டால் கதவைப் பிராண்டலாம். ஒரு வாரமாவது யாராவது ஒருவர் வீட்டில் ஃபாஸ்டராக, அதாவது தற்காலிகமாக, வைத்திருங்கள். முடியாவிட்டால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து மாலை வரை. குக்கர் விசிலுக்கும் மிக்சிக்கும் என்ன செய்கிறது? ஹெல்மெட்டோடு டெலிவரிக்கு வருபவரைக் கண்டால்? பூனை? படிக்கட்டு? அரை மணி நேரம் தனியே விட்டுவிட்டு உள்ளே ஒரு போனில் வீடியோ ஓட விடுங்கள். ஊளையிடுகிறதா, வாசலிலேயே நிற்கிறதா, பத்து நிமிடத்தில் படுத்துவிடுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

சாப்பாட்டுத் தட்டைக் காக்கும் பழக்கம் இருக்கிறதா என்று பார்க்கப் பலர் தட்டில் கையை விடுகிறார்கள். தவறு. இல்லாத பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பதில்தான் அது முடியும். சாப்பிடும்போது ஆறடி தள்ளி நடந்துபோய், போகிற போக்கில் ஒரு கோழித் துண்டைத் தட்டருகே போடுங்கள். தலையைத் தூக்கி வாலாட்டினால் பிரச்சினை இல்லை. உடம்பு விறைத்து, தலை தட்டின் மேல் கவிழ்ந்து, விழுங்கும் வேகம் கூடி, ஓரக்கண்ணில் வெள்ளை தெரிந்தால் காக்கிறது என்று பொருள். தெருவில் பசித்திருந்த நாய்க்கு அது இருப்பதில் வியப்பில்லை, தத்தெடுக்கவும் தடையில்லை. ஆனால் தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

டைல்ஸ் தரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். காப்பகத்தில் சிமென்ட்டிலும் மண்ணிலும் நடந்த நாய், பளபளக்கும் டைல்ஸில் கால் வைத்ததும் வழுக்கி, பயந்து, சுவரோரம் ஒட்டிக்கொள்ளும். மூன்று கால் நாய்க்கு இது இரட்டிப்பு. ‘இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை, மந்தமாக இருக்கிறது’ என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கப்படும் நாய்களில் சில வெறும் தரைக்குப் பயந்தவை. ஜமக்காளம் விரித்தால் அதுவும் சேர்ந்து வழுக்கும். யோகா பாயை முக்காலடி அகலத்துக்கு வெட்டி, படுக்கையிலிருந்து தண்ணீருக்கும் வாசலுக்கும் பாதைபோல் போடுங்கள். பாயை விட்டு இறங்கி நடக்கத் துணிந்தபின் ஒவ்வொன்றாக எடுக்கலாம். உங்கள் கதையில் அந்த நான்கு நாள் கழிந்தது எப்படிப்பட்ட தரையில் என்று கட்டாயம் கேளுங்கள்.

படத்துக்கு வருவோம். கம்பிக்குப் பின்னால் எடுத்த படம் வேண்டாம். நீங்கள் குனிந்து, அதன் கண் உயரத்தில், காலை வெயில் ஏறுவதற்கு முன் எடுங்கள். மூன்று படம் போதும்: முகம், காலில்லாத பக்கம் தெரியும்படி முழு உடம்பு, அளவு தெரிவதற்காக ஒரு மனிதர் பக்கத்தில் நிற்பது. காலை மறைத்துப் படம் எடுத்தால் நேரில் வருபவர் முகம் மாறும், அதை நாயும் உணரும். படத்தைவிட வீடியோ முக்கியம். மூன்று கால் நாயால் என்ன முடியும் என்று பொதுவாக யாருக்கும் தெரியாது. இருபது நொடி ஓடிவந்து உட்கார்வதைக் காட்டினாலே பாதித் தயக்கம் போய்விடும்.

எழுதுவது இந்த மாதிரி இருக்கலாம்:

“செவலை. மூன்று வயது, பெண், 14 கிலோ, முழங்கால் உயரம். கருத்தடை, தடுப்பூசி முடிந்தது. இடது முன்னங்கால் இல்லை. நடப்பாள், ஓடுவாள், பத்துப் படி ஏறுவாள். மூன்று மாடி தினமும் ஏற முடியாது. லிஃப்ட் அல்லது தரைத்தளம் வேண்டும். மற்ற நாய்களோடு ஒத்துப்போவாள். பூனையைத் துரத்துவாள். புது ஆட்களிடம் ஒரு நாள் தள்ளி நிற்பாள், பிறகு காலடியில் வந்து படுப்பாள். குக்கர் விசிலுக்குப் பயம். இரண்டு மணி நேரம் தனியாக இருந்து பழகியிருக்கிறாள். பத்து வயதுக்குக் கீழ் குழந்தைகளோடு இருந்ததில்லை. சென்னைக்குள் மட்டும். வீட்டுக்கு வந்து பார்ப்போம்.”

பூனையைத் துரத்துவதையும் எழுத வேண்டுமா என்றால், வேண்டும். அழைப்புகள் குறையும். ஆனால் அழைப்பவர் இந்த நாயைத்தான் கேட்டு அழைப்பார். பார்க்காத ஒன்றை மட்டும் எழுதாதீர்கள். ‘குழந்தைகளுடன் நன்றாகப் பழகும்’ என்பது யாரும் சோதிக்காமலே எழுதப்படும் வரி.

இதை எங்கே போடுவது? தத்து முகாமில் குட்டிகளுக்கு நடுவில் மூன்று வயது நாயை யாரும் பார்ப்பதில்லை, இரைச்சலில் இதுவும் ஒடுங்கிவிடும். முகாமுக்கு வீடியோவை மட்டும் அனுப்புங்கள். பலன் தருவது வேறு இடங்கள்: கால்நடை மருத்துவமனைகளின் அறிவிப்புப் பலகை, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்கள், ஏற்கெனவே உங்களிடம் நாய் எடுத்தவர்களின் அக்கம்பக்கம். வயதான நாயை அண்மையில் இழந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் ஆகியோருக்குக் குட்டியின் கடியும் ஓட்டமும் வேண்டியிருக்காது. அடங்கிய வளர்ந்த நாய் அவர்களுக்குத்தான் பொருந்தும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எந்த நாயையும் புது வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடும் நாய்க்குத் திரும்பிவரப் பழகிய வீடு ஒன்று இருக்காது.

அழைப்பவரிடம் விசாரணை போலில்லாமல் பேச்சுவாக்கில் கேட்கலாம். வீட்டில் எத்தனை பேர், எல்லோருக்கும் சம்மதமா, பகலில் யார் இருப்பார்கள், முன்பு நாய் இருந்ததா, அது என்னவாயிற்று, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள். கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வந்தால் யோசித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ‘தோட்டத்துக்குக் காவலுக்கு’ என்பவருக்கு இந்த நாய் ஆகாது, சங்கிலியில்தான் கிடக்கும். ‘பிறந்தநாள் பரிசு’, ‘இன்றைக்கே வேண்டும்’, ‘வீட்டுக்கெல்லாம் வர வேண்டாம், வெளியிலேயே வாங்கிக்கொள்கிறேன்’ என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். வாடகை வீடென்றால் ஹவுஸ் ஓனரிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசுங்கள். அசோசியேஷன் தடுக்கிறது என்றால், குடியிருப்புச் சங்கங்கள் செல்லப்பிராணிகளுக்குத் தடை போடவோ லிஃப்டை மறுக்கவோ கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது, அதைக் காட்டலாம். ஆனாலும் தினமும் சண்டை நடக்கும் மாடியில் நாயைக் கொண்டுபோய் விடுவதைவிட வேறு வீடு தேடுவது நல்லது.

வீட்டுக்குப் போனால் வசதியைப் பார்க்காதீர்கள், ஓட்டைகளைப் பாருங்கள். கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி? தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். பால்கனிக் கம்பிகள், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உயரம், மரக்கதவுக்கு முன்னால் கிரில் கேட் இருக்கிறதா. காலிங் பெல் அடித்துக் கதவைத் திறக்கும் அந்த ஒரு நொடியில் வெளியே ஓடும் நாய்கள்தான் அதிகம்.

ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960, நாயைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல்முறைக்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். ஆகவே சட்டம் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது, உங்கள் தாளும் உங்கள் தொடர்பும்தான் தடுக்க வேண்டும். டெல்லி தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும், தத்தெடுத்த தெரு நாய் மீண்டும் தெருவுக்குப் போகாமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்கிறது. ஒப்பந்தத்தில் அவசியம் இருக்க வேண்டிய வரி: எத்தனை ஆண்டு கழித்து, எந்தக் காரணத்துக்காக முடியாமல் போனாலும் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. கூடவே முகவரி மாறினால் தெரிவிப்பது, கட்டிப்போட்டு வளர்க்காதிருப்பது, தோலுக்கடியில் பதிக்கும் அடையாள மைக்ரோசிப்பின் எண். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுத்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதற்கு ரேபிஸ் சான்று தேவை. சான்றில் காப்பகத்தின் கூண்டு எண் மட்டும் இல்லாமல் நாயின் பெயர், நிறம், பாலினம், வயது தெளிவாக இருக்கும்படி மருத்துவரிடம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

அனுப்பும் நாள் சனிக்கிழமை காலையாக இருக்கட்டும், இரண்டு பகல் முழுக்க வீட்டில் ஆள் இருப்பார்கள். அன்று குளிப்பாட்ட வேண்டாம். காப்பகத்தில் சாப்பிட்ட அதே உணவை முதல் மூன்று நாளுக்குக் கொடுத்து அனுப்பி, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றச் சொல்லுங்கள். அதன் பழைய சாக்கோ துணியோ துவைக்காமல் கூடப் போகட்டும். காரிலிருந்து இறங்கும்போதுதான் நழுவும். ஒரு முன்காலில்லாத நாய்க்குச் சாதாரண ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் வார்) காலில்லாத தோள் பக்கம் சரிந்து கழன்றுவிடும். வயிற்றைச் சுற்றி மூன்றாவது பட்டை உள்ள ஹார்னஸ் வாங்குங்கள். கூடவே கழுத்துப்பட்டை, இரண்டிலும் தனித்தனி லீஷ் (பிடிகயிறு). போன் எண் பொறித்த வில்லை முதல் நாளிலிருந்தே கழுத்தில் இருக்க வேண்டும்.

வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: முதல் நாள் சாப்பிடாமல் இருக்கலாம். 48 மணி நேரம் தாண்டினாலோ, தண்ணீரும் குடிக்காவிட்டாலோ, வாந்தி பேதி இருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். கட்டிலடியில் இருந்தால் இழுக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், அது வரும். உறவினர்களை ஒரு வாரத்துக்கு அழைக்காதீர்கள். சிறுநீர் விஷயத்தில் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். கூண்டில் சிமென்ட் தரையில் போய்ப் பழகிய நாய்க்குக் காலடியில் கெட்டியான வழவழப்பான தரைதான் கழிப்பறை. ஹால் அதற்கு அப்படித்தான் தெரிகிறது. எழுந்தவுடன், சாப்பிட்ட பதினைந்து நிமிடத்தில், படுக்கும் முன், இடையில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மண் தரைக்கு அழைத்துப் போய், அங்கே போனதும் அந்த இடத்திலேயே ஒரு தின்பண்டம் கொடுத்தால் பழக்கம் மாறும். வீட்டுக்குள் போனதற்கு அதட்டினால் உங்கள் கண் முன் போகாது, சோபாவுக்குப் பின்னால் போகும்.

நீங்கள் போன் செய்ய வேண்டியது அன்று மாலை, மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம். மூன்றாம் நாள் கவலை சாப்பாடும் சிறுநீரும். மூன்றாம் வாரக் கவலை வேறு: பயம் தெளிந்த நாய் வாசலில் குரைக்கும், சோபாவை விட்டு இறங்க மறுத்து உறுமும். அதுவரை சாதுவாக இருந்தது மாறிவிட்டதே என்று பயப்படுவார்கள். அந்தப் பேச்சை நீங்கள் முதலிலேயே எடுத்துவிட்டால் பாதிப் பேர் திருப்பிக் கொடுக்கும் நினைப்பை விட்டுவிடுவார்கள். கடி நேர்ந்தால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விட வேண்டாம். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

ஓடிவிட்டால் துரத்தக் கூடாது, பெயர் சொல்லிக் கத்தவும் கூடாது. பயந்த நாய்க்கு இன்னும் பெயரே பழகியிருக்காது. பார்த்த இடத்தில் பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் உட்கார்ந்து, வறுத்த கோழியோ கருவாடோ போல மணக்கும் எதையாவது பக்கத்தில் போட வேண்டும். கண்ணில் படவில்லையென்றால் அந்தத் துவைக்காத சாக்கை வாசலில் போட்டுவிட்டு, இரவு பத்துக்கு மேலும் விடியற்காலையிலும் தேடுங்கள், தெரு அடங்கியபின்தான் வெளியே வரும். காப்பகத்தில் அதற்கு மிகவும் பழக்கமானவர் யாரோ அவர் உடனே போக வேண்டும்.

இவ்வளவு செய்தும் இரண்டு மூன்று மாதத்தில் ஆள் கிடைக்கவில்லையென்றால், ‘நிரந்தர ஃபாஸ்டர்’ என்று விளம்பரத்தை மாற்றிப் பாருங்கள். நாய் அவர்கள் வீட்டில் வாழும், மருத்துவச் செலவைக் காப்பகம் ஏற்கும். காலில்லாத நாய் என்றதும் வரப்போகும் செலவை நினைத்துத் தயங்குபவர்கள் இதற்கு முன்வருவார்கள். மருந்துக்கு எந்த மருத்துவமனை, எந்தத் தொகைக்கு மேல் உங்களைக் கேட்டுச் செய்ய வேண்டும், ஊருக்குப் போனால் காப்பகம் எத்தனை நாள் வைத்துக்கொள்ளும் என்ற மூன்றையும் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.